ஈரத்தில் இரண்டு கோடுகள்

காலி மைதானத்தின் சிமெண்டுத் தரையில் குறுக்கே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு ஓரமாக நிற்கிறேன். மாலை வெயில் அதில் மினுங்குகிறது. அக்கா ஆசை ஆசையாக வாங்கிய பழைய கார், பிரேக் போட்டால் இடது பக்கம் இழுக்கிறது. இன்றும் இழுத்தால், விலை கேட்டவருக்கே கொடுத்துவிடப் போகிறாள். "இடது பக்கம் இழுக்குது, நீ வலது சக்கரத்தக் கழட்டுற. வயித்து வலிக்கு முட்டியில தைலம் தேய்ப்பியாடி?" என்று காலையிலிருந்து அவள் கேலி. வலது சக்கரத்துக்குப் பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய் உள்ளே உப்பி அடைத்திருந்தது. அதனால் இடது சக்கரம் மட்டும் பிடிக்கிறது என்பது என் கணிப்பு. புதுக் குழாய் மாட்டி, குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றி, ஒவ்வொரு திருகையும் இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன். நான் போகும் மெக்கானிக் மாலை வகுப்பில் சொன்னதை நம்பலாம். என்னை நம்பலாமா என்பதுதான் தெரியவில்லை.

"பிரேக் போடும்போது கைய எடுக்கவா?" மைதானத்தின் அந்தக் கோடியில் கார் ஜன்னல் வழியே அக்கா கத்துகிறாள்.

"எடு!" என் குரல் கீச்சிடுகிறது.

கார் உறுமிக்கொண்டு வருகிறது, தண்ணீர் இருபுறமும் சிதறுகிறது, அக்காவின் கைகள் ஸ்டீயரிங்கை விட்டு மேலே எழுகின்றன. பிரேக். மூக்கைத் தாழ்த்திக் கார் நிற்கிறது. அதன் பின்னால் இரண்டு ஈரக்கோடுகள், நூல் பிடித்தாற்போல் நேராக! கோடுகளை அளக்க டேப்பை இழுத்துக்கொண்டு ஓடுகிறேன்.

"ஒரு தடவை போதாதுக்கா, மூணு தடவை பாக்கணும்!"

அக்கா ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் சிரிக்கிறாள். "ஏறுடி முதல்ல! விலை கேட்ட ஆள் வாசல்லயே ஒரு பிரேக் போட்டுக் காட்டிட்டு, விக்கலன்னு சொல்லிட்டு வரலாம்."