உடைக்க முடியாத டெபாசிட்

"பாதியில உடைக்கவே முடியாத டெபாசிட் எது மேடம்?"

கேட்டது மருமகள். பணமோ பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமனாருடையது, அவர் ரிட்டயர் ஆனபோது வந்தது. அவர் வாயே திறக்கவில்லை.

டெபாசிட் மேடம் நிமிர்ந்து பார்த்தாள். வங்கிக் கிளையில் அவளுக்கு அதுதான் பெயர். நினைத்தபோது உடைக்கலாமா என்று கேட்பவர்களைத்தான் இத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறாள். தலைகீழாகக் கேட்டவள் இவள்தான்.

"பதினஞ்சு மாசத் திட்டத்துல போடுங்களேன். அதுலதான் வட்டி அதிகம், ஏழரை சதவீதம். அவசரம்னா நடுவுலயே எடுத்துக்கலாம். வட்டியில ஒரு சதவீதம் பிடிப்போம், அவ்வளவுதான்."

"நடுவுல எடுக்கலாம்னா வேண்டாம்."

"அஞ்சு வருஷத் திட்டம் ஒண்ணு இருக்கு. வட்டி அரை சதவீதம் கம்மி. நடுவுல எடுக்க முடியாது. அதை வச்சுக் கடனும் கிடைக்காது."

"மாமாவே வந்து அழுது கேட்டா?"

"தர மாட்டோம்."

"அப்ப அதுவே இருக்கட்டும். வட்டியும் மாசாமாசம் வேண்டாம், அதுலயே சேரட்டும்."

டெபாசிட் மேடத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வட்டியும் கம்மி, கைக்கும் வராது. பெரியவரை வாயில்லாப் பூச்சியாக்கி இழுத்து வந்திருக்கிறாள். கேட்க நாதியில்லை என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. இந்த நாற்காலியில் நான் இருக்கும்வரை அது நடக்காது என்று கறுவிக்கொண்டாள்.

"ஐயாவோட அடையாள அட்டைக்கு ஒரு ஜெராக்ஸ் வேணும். எதிர்க்கடையில எடுத்துட்டு வாங்க. இங்க மெஷின் ரிப்பேர்."

அவள் முதுகுக்குப் பின்னாலேயே மெஷின் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. மருமகள் எழுந்து போனாள்.

"ஐயா, இப்ப பயப்படாம சொல்லுங்க. உங்களை மிரட்டிக் கூட்டிட்டு வந்தாங்களா?"

பெரியவர் வாசலைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"மிரட்டலாம் இல்லம்மா. இது என் திட்டம்."

"உங்க திட்டமா?"

"செலவுக்கு எனக்குப் பென்ஷன் வருது. இந்தப் பணத்து மேல என் பெரிய பையனுக்கு ஒரு கண்ணு. மூணு தொழில் ஆரம்பிச்சான். முதல் போட்டது நான், மூடுவிழா நடத்தினது அவன். இப்ப நாலாவதுக்கு வரான். எனக்கோ அவன்கிட்ட இல்லைன்னு சொல்ல வராது."

"அதுக்கு மருமகளை எதுக்கு முன்னால விட்டீங்க?"

"யாராவது ஒருத்தர் பொல்லாதவங்க ஆகணுமே. என்னால முடியாதுன்னேன். 'நான் ஆயிக்கறேன் மாமா'ன்னு சின்னவன் பொண்டாட்டிதான் சொன்னா. பேங்குக்குப் போறேன்னு காலையில அவன்கிட்ட உளறிட்டேன். வந்துட்டே இருக்கான். வந்து 'அப்பா'ன்னு ஒரு வார்த்தை சொன்னா, இருக்கிறதை எடுத்துக் கொடுத்துடுவேன்."

டெபாசிட் மேடத்தின் கோபம் அங்கேயே கட்சி மாறியது.

"போடுங்க ஐயா கையெழுத்தை."

விரல்கள் விசைப்பலகையில் பறந்தன. பிரின்டர் கரகரவென்று ரசீதைத் தள்ளுவதற்கும் பெரிய பையன் கதவைத் தள்ளுவதற்கும் சரியாக இருந்தது. பின்னாலேயே ஜெராக்ஸோடு மருமகள்.

"அப்பா, பணம்?"

பெரியவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "நான் என்னப்பா பண்ணுவேன். எல்லாம் அவ வச்ச சட்டம்."

"ஆமா, நான்தான் பூட்டச் சொன்னேன்" என்றாள் மருமகள், அசையாமல்.

அவன் கவுன்ட்டர் பக்கம் திரும்பினான். "மேடம், அதை உடைச்சுக் கொடுங்க."

"உடைக்க முடியாது சார்."

"அபராதம் கட்டறேன்."

"இதுல அபராதமே கிடையாது சார். அஞ்சு வருஷம் முடியணும்." டெபாசிட் மேடம் விதிகளை ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். சர்வீசில் எந்த விதியையும் இவ்வளவு ஆசையாகச் சொன்னதில்லை.

"குடும்பத்தைக் கெடுக்கவே வந்தவ நீ" என்று மருமகளைப் பார்த்துக் கத்திவிட்டு அவன் வெளியேறினான்.

கதவு மூடியதுதான் தாமதம், பெரியவர் மேஜையைத் தட்டிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஜெயிச்சுட்டோம்மா!"

டெபாசிட் மேடமும் சிரித்துவிட்டு மருமகள் பக்கம் திரும்பினாள். "நாமினி மட்டும் பாக்கி. இவ்வளவு திட்டு வாங்கியிருக்கீங்க, உங்க பேரையே போட்டுடட்டுமா?"

"வேண்டாம் மேடம். எட்டாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு இருக்கு. அவ காலேஜ் சேர்ற வருஷம் இந்தப் பணம் கைக்கு வரும். அதுக்குத்தான் அஞ்சு வருஷம். அவ பேரைப் போடுங்க."

"உங்க பொண்ணா?"

மருமகள் வாசல் பக்கம் பார்த்தாள்.

"இப்ப திட்டிட்டுப் போனாரே, அவரோட பொண்ணு."