கல்யாண வீட்டுப் பப்பாளி

சந்தனசாமி நீட்டிய பிளாஸ்டிக் டம்ளரை சார்லஸால் வாங்கவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை.

கோயிலில் ஜெஸ்வின் தாலி கட்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் பந்தலுக்குப் பின்னால், தண்ணீர் லாரி மறைவில் நண்பர்கள் கூடிவிட்டார்கள்.

"ஜெஸ்வின் கல்யாணத்துக்கே குடிக்கலைன்னா அப்பறம் எவன் கல்யாணத்துக்குடா குடிக்கப் போற?"

காலையில்தான் நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்துக் கரைத்துவிட்டு வந்திருந்தான். போதை ஊசியை விட்டு நான்கு மாதம் ஆகிறது. அந்த மாத்திரையால்தான். அதன் மேல் பிராந்தி போனால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும் என்று புதுக்கோட்டையில் மாத்திரை கொடுக்கும் நர்ஸ் ரீட்டா சொல்லியிருந்தார். ஒரு முறை அல்ல, தினமும்.

குடித்தால் உயிர் போகலாம். காரணம் சொன்னால் மானம் போகும்.

ஊரில் அவன் சொல்லிவைத்திருந்த கதை வேறு. மலச்சிக்கலுக்கு வைத்தியம் பார்க்கத்தான் தினமும் புதுக்கோட்டைக்குப் போகிறானாம்.

பொய்தான். ஆனால் மாத்திரை தொடங்கிய பத்தாம் நாளே ஆண்டவர் அதை மெய்யாக்கிவிட்டார். மாத்திரை அப்படியும் செய்யும் என்று ரீட்டா முன்பே எச்சரித்திருந்தார்.

டம்ளர் உதடு வரை வந்துவிட்டது.

பந்தலில் பாட்டு சட்டென்று நின்றது. மாப்பிள்ளையின் அம்மா அருளம்மாள் மைக்கைப் பிடித்திருந்தார்.

"நம்ம சார்லசு எங்கிட்டு இருந்தாலும் ஒடனே சமையக்கட்டுக்கு வரவும். நாலு நாளா வெளிக்குப் போகலைன்னியேப்பா, பப்பாளி அறுத்து வச்சிருக்கேன். வயித்துக்கு ஆகாது, அவனுக்கு யாரும் எதையும் ஊத்திக் குடுத்துறாதீங்கய்யா!"

எண்ணூறு பேர் சிரித்தார்கள். பங்குச் சாமியாரும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சந்தனசாமி டம்ளரைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டான்.

"போடா, மொதல்ல நீ போய்ட்டு வா."

சார்லஸ் தலையைத் தூக்காமல் ஓடினான். வெட்கத்தில் காது சுட்டது. உயிர் மட்டும் பத்திரமாக இருந்தது.

அவன் நுழைந்ததும் அருளம்மாள் சமையல்கட்டுக் கதவைச் சாத்தினார்.

உள்ளே, அரிசி மூட்டை மேல், கோட்டும் மாலையுமாக ஜெஸ்வின் உட்கார்ந்திருந்தான். மடியில் பாதிப் பப்பாளி.

சார்லஸ் பப்பாளியையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீ தெனமும் எட்டு மணிக்கு மாத்திர வாங்க வருவ. அதுக்குள்ள இவனுக்கும் அதே மாத்திரய வாங்கிக் குடுத்து, ஒன் கண்ணுல படாம ஆட்டோவுக்குள்ள குனிய வச்சு இழுத்தாந்துருவேன்" என்றார் அருளம்மாள்.

ஜெஸ்வின் பக்கத்தில் நின்ற புதுப்பெண் கத்தியைத் துடைத்தாள். பெரிய துண்டாகப் பார்த்து சார்லஸிடம் நீட்டினாள்.

"விதையை எடுத்துட்டேண்ணே. அவருக்கும் இப்படித்தான் குடுக்குறது."

ஜெஸ்வின் மாலையை ஒதுக்கிக்கொண்டு, மூட்டையில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான்.