தொட்டில் பூட்டு

கேட்பதற்காகக் காதுக்குள் கருவி வைத்துக்கொண்ட தாய்மார்களுக்குத் தொட்டில் சும்மா திறக்காது. தடுமாறிக் குழந்தையைக் கீழே போட்டுவிட மாட்டார்கள் என்பதற்கு, கண்ணை மூடி, பஞ்சு மெத்தைமேல் தள்ளாடாமல் நின்று காட்ட வேண்டும்.

ஜெசிந்தா நின்றாள். தொட்டிலில் குழந்தை வீறிட்டது. அவள் உடம்பு தானாக அந்தப் பக்கம் சாய்ந்தது. மெத்தையில் சிவப்பு விளக்கு எரிந்தது; பூட்டு திறக்கவில்லை.

"அது அழுதா சாஞ்சிடுறேங்க."

ஷூ மாட்டிக்கொண்டிருந்த கணவன் அமலன் நிமிரவில்லை. "பால தொட்டிலே குடுத்துரும். வேணும்னா காதுக்கு வெளியில மாட்டுற மிஷினக் கழட்டி வச்சிட்டு நில்லு."

அவன் வேலைக்குப் போனதும் கழற்றினாள். அழுகை கேட்கவில்லை. ஆனால் சத்தமே இல்லாத இருட்டில் எது நேர், எது சாய்வு என்று உடம்புக்குத் தெரியவில்லை. முன்பைவிட அதிகமாகத் தள்ளாடினாள். மறுபடி சிவப்பு.

கம்பிகளுக்குப் பின்னால் குழந்தையின் வாய் திறந்தபடியே இருந்தது. அந்தக் குரலைக் கேட்கத்தான் அவள் ஆபரேஷனே செய்துகொண்டாள்.

மிஷினைத் திரும்ப மாட்டவில்லை.