நீலக் கரைத் துண்டு

வாவியின் மேல் காலை வெயில் கண் கூசுகிறது. முற்றத்தில், தென்னைக்கும் கிணற்றடிக் கம்பத்துக்கும் நடுவே விரித்துக் கட்டிய வலையை ஒரு பக்கமிருந்து யாக்கோப்பும் மறுபக்கமிருந்து மனைவி மக்டலினும் துப்புரவாக்குகிறார்கள். வலையெங்கும் பொலித்தீன். இறால் என்னவோ ஒரு கைப்பிடிதான். சட்டிக்குள் இன்னும் துள்ளிக்கொண்டிருக்கிறது. "இந்தச் சனத்துக்கு வெக்கமில்ல. வீட்டுக் குப்பையெல்லாம் வாவிக்குள்ள கொட்டுதுகள். மறுகா நாம எப்பிடித் தொழில் செய்யிற?" யாக்கோப்பு கரையேறியதிலிருந்து ஊரைத் திட்டித் தீர்க்கிறார். மக்டலினின் விரல்கள் நின்றுவிடுகின்றன. சோறு சுற்றும் பொலித்தீன் தாளான லஞ்ச் சீற் ஒன்று, சுருட்டி, துணித்துண்டால் இறுக்கிக் கட்டியபடி. கட்டைவிரலால் சேற்றைத் தேய்க்கிறாள். நீலக் கரை தெரிகிறது. தோணிக்குப் போகும் சோற்றுப் பார்சலைக் கட்ட அவள் தன் பழைய சேலையில் கிழித்த துண்டு. அதை அவரிடம் நீட்டுகிறாள். யாக்கோப்பு அதை வாங்கிப் புரட்டிப் பார்க்கிறார். தின்று முடித்ததும் சுருட்டிக் கட்டி, தோணிக்கு வெளியே எறிகிற தன் கை அவருக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

"அந்தச் சாப்பாட்டுப் பெட்டி எங்க கிடக்கு?"

"குசினிக்குள்ளதான். மூடி நிக்குதில்ல எண்டு நீங்கதானே வேணாமெண்டீங்க."

யாக்கோப்பு கிணற்றடிக்குப் போகிறார். துண்டை அவிழ்த்து, வாளித் தண்ணீரில் அலசிப் பிழிந்து, மறுபடியும் அலசுகிறார். திரும்பி வந்து, மனைவியின் முகத்தைப் பார்க்காமலே அதை நீட்டுகிறார்.

"நாளைக்குப் பெட்டியில சோறு போட்டு, மூடிய இதால கட்டித் தா. திருப்பிக் கொண்டுவாறன்."