முதல் வரிசையிலிருந்து ஒரு கேள்வி

"மன்னிக்கணும். அந்த பி.எச். நாலு புள்ளி ஆறு எனக்கு இன்னும் பிடிபடல. நம்பர் ஏறினா புளிப்பு ஏறுமா, இறங்குமா?"

முதல் வரிசை அம்மாள்தான். மறுபடியும் கையைத் தூக்கியிருந்தாள்.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"நம்பர் இறங்கினா புளிப்பு ஏறும். நாலு புள்ளி ஆறுக்குக் கீழ இருந்தாத்தான் பாட்டில்ல அடைச்சு விக்கலாம்" என்றாள் மார்லிஸ், பொறுமையாக. இது இரண்டாவது தடவை.

மார்லிஸ் பல்கலைக்கழகத்தில் உணவு விஞ்ஞானம் சொல்லித் தருகிறவள். வீட்டில் ஊறுகாயும் ஜாமும் போட்டு விற்கிறவர்களுக்காக அமெரிக்காவில் வடக்கு மினசோட்டாவின் சுரங்க ஊர்களில் ஒருநாள் பயிற்சி நடத்துவாள். சாயங்காலம் தேர்வு. தேறியவர்கள் சனிக்கிழமைச் சந்தையில் கடை போடலாம். பத்தொன்பது வருஷத்தில் அவள் வகுப்பு ஒருநாள்கூடத் தாமதமாக முடிந்ததில்லை.

இன்றைக்குத் தாமதமாகும்போல் தெரிந்தது.

"பூண்டை உரிச்சு எண்ணெயில போட்டு வச்சா?" அந்த அம்மாள் விடுவதாக இல்லை. "எண்ணெய்தான் கிருமியை அண்ட விடாதே?"

"எண்ணெய் காத்தைத்தான் அண்ட விடாது. காத்து இல்லாத இடம்தான் மண்ணுலேர்ந்து பூண்டுல ஒட்டி வர்ற விஷக்கிருமிக்குப் பிடிச்ச இடம். வாடை வராது, நிறம் மாறாது, ருசி அப்படியே இருக்கும். சாப்பிட்டவனுக்கு மூச்சு நின்னுடும்."

அந்த அம்மாள் குறித்துக்கொண்டாள்.

"அடுப்புல சூடு காட்டி அடைச்சா?"

"வீட்டு அடுப்புச் சூட்டுக்கு அது சாகாது."

"சரி, ஏற்கெனவே போட்டு வச்சாச்சு, யாருக்கோ குடுத்தும் ஆச்சுன்னா?"

"திரும்ப வாங்கணும். இன்னிக்கே." மார்லிஸின் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "அடுத்த பாடத்துக்குப் போலாமா?"

"போலாம், போலாம்" என்றாள் அந்த அம்மாள், சிரித்துக்கொண்டே.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மார்லிஸ் வருகைப் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். முதல் வரிசை, ஓர நாற்காலி: இல்மா ஹௌடலா.

அவளுக்குச் சுருக்கென்றது.

ஹௌடலா வெள்ளரி ஊறுகாய் தெரியாத வீடு அந்தப் பக்கத்தில் கிடையாது. மாநிலக் கண்காட்சியில் ஏழு தடவை முதல் பரிசு. மார்லிஸின் வீட்டு ஃப்ரிட்ஜிலேயே ஒரு பாட்டில் இருக்கிறது. முப்பது வருஷமாக இதே தொழில். சான்றிதழைப் புதுப்பிக்க வந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

புளிப்பு நம்பர் தெரியாதாமே? என்னைச் சோதிக்கிறாளா? இல்லை, படிச்சவளை மட்டம் தட்டி நாலு பேர் முன்னால வேடிக்கை பார்க்கிறாளா?

பிற்பகல் முழுக்க மார்லிஸ் முதல் வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை. அந்த அம்மாளும் வாயைத் திறக்கவில்லை. வகுப்பு நேரத்துக்கு முடிந்தது. தேர்வும் முடிந்தது.

எல்லோரும் கலைந்த பிறகு ஒரு ஆள் மட்டும் மேஜையருகே வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும், ஆறடிக்கு மேல் உயரம். வருகைப் பட்டியலில் ரூடி பெர்லிச். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர்.

"வண்டியில முப்பத்தாறு பாட்டில் இருக்கு" என்றார், தரையைப் பார்த்தபடி. "பூண்டு எண்ணெய். சந்தைக்குன்னு ஞாயித்துக்கிழமை போட்டது. எங்க கொட்டட்டும்?"

மார்லிஸ் கையிலிருந்த விடைத்தாள்களைக் கீழே வைத்தாள்.

"கொட்டாதீங்க. திறக்கவும் வேண்டாம். மூடியோடயே பையில கட்டிக் குப்பையில போட்டுடுங்க. யாருக்காவது குடுத்தீங்களா?"

"என் பொண்ணுக்கு ரெண்டு. சாப்பாட்டு நேரத்துலயே ஃபோன் பண்ணிட்டேன். இன்னும் திறக்கலையாம்." அவர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மார்ச்ல சுரங்கத்துல ஆள் குறைச்சாங்க, என் வேலையும் போச்சு. நாலு பேர் நடுவுல எந்திரிச்சு நின்னு, எனக்கு இது தெரியாதுன்னு சொல்ல வரல. நல்லவேளை, அந்தம்மாவுக்கும் தெரியல."

மிளகாய் ஊறுகாயாவது சரியாகப் போடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மார்லிஸ் அவருடைய விடைத்தாளைத் தேடி எடுத்துத் திருத்தினாள். இருபத்தைந்துக்கு இருபத்துநாலு.

வெளியே இல்மா வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மார்லிஸ் வேகமாகப் போய் நின்றாள்.

"உங்களுக்குத் தெரியும், இல்ல? அவர் பூண்டு எண்ணெய் போட்டிருக்கார்னு."

"காலையில காபி எடுக்கறப்ப அவரே சொன்னார். ரொம்பப் பெருமையா."

"அப்பவே சொல்லியிருக்கலாமே, அது ஆபத்துன்னு."

"சொன்னா நம்புவாரா? சந்தையில பழைய கடைக்காரி, புதுசா வர்றவனை விரட்டப் பாக்கறான்னு நினைப்பார். நீங்க சொன்னா நம்புவார். ஆனா அவர் கேக்க மாட்டார். அதான் நான் கேட்டேன்."

"எல்லாரும் உங்களைப் பாத்துச் சிரிச்சாங்க." மார்லிஸ் தயங்கினாள். "நானும் உங்களைத் தப்பா நினைச்சேன்."

இல்மா துணியை உதறி மடித்தாள்.

"நினைச்சா என்ன? வேலை போன மனுஷன் முட்டாளாத் தெரிஞ்சா அவரால தாங்க முடியாது, மார்லிஸ். அந்த அறையில முட்டாளாத் தெரிஞ்சாலும் எதுவும் குறைஞ்சு போகாத ஆள் நான் மட்டும்தான்."