மாதா சுரூபத்துக்குப் பின்னால்

போனில் அம்மா வீட்டுக் கேமராவைத் திறந்து மூன்று எண்ணுவதற்குள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மாவும், அம்மாவைக் கவனிக்க வைத்திருந்த தாணம்மாளும்.

ஷெர்லி போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்தாள். பத்து நாளாக இதுதான் நடக்கிறது. காலை பதினொன்றுக்குத் திறந்தாலும் சரி, மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் திறந்தாலும் சரி. தாணம்மாள் அம்மாவின் முகவாயைப் பிடித்து மெல்லத் திருப்புவாள். பிறகு இருவரும் அசையாமல் இவளையே பார்ப்பார்கள். அம்மாவின் உதடு மட்டும் எதையோ முணுமுணுக்கும். மலிவான கேமரா, சத்தம் கேட்காது.

அங்கே கேமரா இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. மாதா சுரூபத்துக்குப் பின்னால், பிளாஸ்டிக் பூவுக்குள் ஒளித்து வைத்தது ஷெர்லியேதான்.

"ஏட்டி, அவ பேச்சிப்பாறைக்காரின்னு சொன்னியே?" பேங்கில் பக்கத்து சீட்டு பெமிலா எட்டிப் பார்த்தாள். "மலையடிவாரத்து ஆளாக்கும். கூடோத்திரம் எதும் செய்து வெச்சிருக்காளோ என்னவோ!"

செய்வினை என்றதும், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற ஷெர்லி உடனே நம்பிவிட்டாள்.

அம்மா கிளாராவுக்கு மறதி நோய். முதியோர் இல்லத்தில் விடலாம் என்றால் ஊர் வாயை யார் மூடுவது? தக்கலைக்குக் கூட்டிவரலாம் என்றால் வீடு சின்னது. பகலுக்கு மட்டும் ஆளா, படித்த நர்ஸா, வீட்டோடு தங்குகிறவளா என்று ஏஜென்சிக்காரனை ஒரு மாதம் குடைந்துதான் தாணம்மாளைத் தேர்ந்தெடுத்தாள். தேர்ந்தெடுத்தவளை நம்பாமல் கேமராவும் வைத்தாள்.

அதன் பிறகு இரண்டு மாதமாகக் குளச்சலில் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறவில்லை. அம்மாதான் கைக்குள்ளேயே இருக்கிறாளே!

இன்று அரை நாள் லீவு போட்டாள்.

"இன்னைக்கே அவள பெட்டிய கெட்ட வைக்கேன் பாரு" என்று பெமிலாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

குளச்சல் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. தலை வாரி, பவுடர் பூசி, கிறிஸ்மஸ் சேலை கட்டி, அம்மா சுரூபத்துக்கு நேராக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணை எடுக்கவே இல்லை.

"அம்மா..."

அம்மா திரும்பவில்லை. ஷெர்லி அடுக்களையைப் பார்த்துக் கத்தினாள்.

"எங்கம்மைய என்ன செய்து வெச்சிருக்க? அங்க பாத்து என்ன சொல்லச் சொல்லிக் குடுத்திருக்க?"

அடுக்களையிலிருந்து கஞ்சியோடு வந்த தாணம்மாள் பதறவில்லை.

"பத்து நாளு முன்ன பூவ தொடைக்கும்போ கேமராவ கண்டேன் மேடம். என்னைய நம்பாம வெச்சதுன்னு வெளங்கிச்சு. மனசு நொந்துது, இல்லேன்னு சொல்லல."

"பின்ன?"

"நீங்க பாக்கும்போ அதுல சின்னதா ஒரு நீல லைட்டு எரியும். அம்ம நாளு பூரா வாசலப் பாத்து, 'எம் மோளு ஷெர்லி வரலியா, எம் மோளு வரலியா'ன்னு அழுதுட்டே இருப்பாவ. கஞ்சி இறங்காது. அதான் சொன்னேன், அந்த லைட்டு எரிஞ்சா உங்க மோளு வந்திருக்கான்னு அர்த்தம்னு. அதுக்குப் பொறவு அழுகையில்ல. காலையிலயே சேல மாத்திட்டு இருந்துருவாவ. லைட்டு எரிஞ்சா, 'தின்னியா மக்கா'ன்னு கேப்பாவ. வேற ஒண்ணுமில்ல."

ஷெர்லிக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. ஓடிப்போய் அம்மாவின் முன்னால் நின்றாள்.

"அம்மா, நான்தாம்மா. ஷெர்லி. என்னப் பாரு."

அம்மா அவளைத் தாண்டி சுரூபத்தையே பார்த்தாள்.

வேறு வழி தெரியவில்லை. போனை எடுத்துக் கேமராவைத் திறந்தாள் ஷெர்லி. மாதாவின் பின்னால் நீல வெளிச்சம் எரிந்தது.

அம்மாவின் முகம் மலர்ந்தது. குறுக்கே நின்றவளின் கையைப் பிடித்து மெல்ல ஒதுக்கினாள்.

"கொஞ்சம் மாறி நில்லு பிள்ளே. எம் மோளு வந்திருக்கா."