கொசு படியேறிய மத்தியானம்

"இந்த மிருகம் குடிவந்ததிலேருந்து என் பொண்டாட்டி மத்தியானத்துல கதவைத் திறக்கறதே இல்லை. அவ்வளவு பயம். தாழ்ப்பாளையும் சங்கிலியையும் போட்டுக்கிட்டு உள்ளேயே கிடக்கா. இப்படி ஒரு கூட்டம் நடக்குதுன்னுகூட அவகிட்ட சொல்லலை" என்றார் குடியிருப்போர் சங்க செக்ரட்டரி.

மிருகம் என்று அவர் சொன்னது, கீழ்த்தள ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டு படுத்திருந்த கிரேட் டேன் நாயை. அது வாலை ஆட்டினால் மின்விசிறி தேவையில்லை, பெருமூச்சு விட்டால் நாற்காலிகள் நகரும். மூன்றாம் மாடி பல் டாக்டரம்மா அதற்குக் கொசு என்று பெயர் வைத்திருந்தார்.

டாக்டரம்மா கிளினிக்கில் இருப்பார், வரமாட்டார் என்றுதான் செக்ரட்டரி கூட்டத்தை மத்தியானம் வைத்திருந்தார். அவரோ வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்த நோயாளிகளை மூடிக்கொண்டு போகச் சொல்லிவிட்டு, நாயோடு வந்து நின்றார்.

"பல்லு பிடுங்கறவங்களுக்குப் பல்லு இருக்கற மிருகம் எதுக்குங்கறேன்" என்றார் செக்ரட்டரி.

பொருளாளர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பதற்காகவே அவரைப் பொருளாளர் ஆக்கியிருந்தார்கள்.

"யாரையும் கடிச்சதில்லை சார்" என்றார் டாக்டரம்மா. "இந்த ஜாதி நாய் தனக்குப் பிடிச்சவங்க மேல வந்து சாய்ஞ்சுக்கும், அவ்வளவுதான். தான் இத்தனை பெரிசுன்னு அதுக்கே தெரியாது. மடியில உட்காரப் பார்க்கும்."

"மடியிலயா? அதுக்கு ஒரு கிரேன்தான் மடி குடுக்கணும்."

பொருளாளர் மறுபடி சிரித்தார். செக்ரட்டரிக்கு உற்சாகம் ஏறிவிட்டது. லிஃப்ட் கண்ணாடியில் தன் மூக்கு உயரத்துக்கு எச்சில் ஒழுகுவதைச் சொன்னார். அப்படியே தோட்டக்காரர், வாட்ச்மேன் என்று கட்டடத்தில் உள்ள எல்லோரையும் ஒரு பிடி பிடித்தார்.

"உருப்படியா ஒருத்தன் இருக்கானா இங்க? என் வீட்டு காலிங் பெல் சுவிட்சை மூணு தடவை மாத்தியாச்சு. உள்ள தண்ணி இறங்குதாம். மழையே இல்லை, எங்கேருந்துய்யா தண்ணி இறங்கும்? அந்த எலெக்ட்ரீஷியன் சுத்த தண்டம். எல்லாத்துக்கும் நான் ஒருத்தன்தான் மத்தியானம் பூரா ஆபீஸ் ரூம்ல உட்கார்ந்து உழைக்க வேண்டியிருக்கு."

அந்த உழைப்பின் குறட்டைச் சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

இரண்டாம் மாடி அக்கா மட்டும் நல்லபடியாகக் கேட்டார். "ஏம்மா, சாப்பிட்டுட்டு நீ மறுபடி கிளினிக் போனா ராத்திரிதான் வர்றே. அதுவரைக்கும் இது தனியா என்ன பண்ணும்? ஒரு சத்தமும் வர்றதில்லையே."

"தனியா விட்டா ஏங்கிப்போயிடும்க்கா..." என்று தொடங்கிய டாக்டரம்மா சட்டென்று பேச்சை மாற்றினார். "மெத்துன்னு எங்கயாவது படுத்துத் தூங்கும். கட்டாந்தரையில படுத்தா முழங்கை காய்ச்சுப்போகும்."

"ஓகோ, மகாராஜாவுக்குப் பஞ்சு மெத்தை" என்றார் செக்ரட்டரி. "எந்தப் புத்திகெட்டவ வீட்டுல இதுக்கு மெத்தை போடுவாங்க? சரி, கையைத் தூக்குங்க. நாய் போகணும்கறவங்க யாரு?"

பாதிக் கைகள் எழுந்தன. மீதிக் கைகள் யோசித்தன. டாக்டரம்மா நாயின் கழுத்துப் பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

செக்ரட்டரி தாராள மனசுக்காரர் போல ஒரு கனைப்புக் கனைத்தார். "நான் ஒண்ணும் கொடுங்கோலன் இல்லை. ஒரு பரீட்சை வெச்சுடலாம். உடம்பு பெருத்தா மூளை சிறுத்திருக்கும்."

எல்லோர் கண்ணும் அவர் தொந்தியைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கூரைக்குத் தாவின.

"கயித்தை அவிழ்த்து விடுங்க. தானா மூணாம் மாடிக்குப் போய் இவங்க வீட்டு வாசல்ல நின்னா இருந்துட்டுப் போகட்டும். தன் வீடு எதுன்னே தெரியாம முழிச்சா, இன்னிக்கே நடையைக் கட்டணும். சம்மதமா?"

"வேண்டாம் சார்" என்றார் டாக்டரம்மா. முகம் வெளுத்துவிட்டது. "இந்த நேரத்துல வேண்டாம்."

"பார்த்தீங்களா, பெத்தவளுக்கே நம்பிக்கை இல்லை. அவிழ்த்து விடுங்க."

வேறு வழியில்லாமல் டாக்டரம்மா கொக்கியைக் கழற்றினார். கொசு எழுந்து சோம்பல் முறித்தது, எச்சில் தெறிக்கத் தலையை உதறியது. முன்வரிசைக்குக் குளிக்க வேண்டிய வேலை மிச்சமானது. பிறகு யாரையும் திரும்பிப் பார்க்காமல், ஆபீசுக்கு நேரமாகிவிட்ட குமாஸ்தா மாதிரி படியேறியது. சங்கமே பின்னால் போனது.

முதல் மாடி வந்ததும் கொசு நின்றது. அடுத்த படியை ஏறவில்லை. வலது பக்கம் திரும்பியது.

"முதல் மாடியிலேயே திணறுது. நான் சொன்னேன்ல, மண்டையில ஒண்ணும் இல்லைன்னு" என்று படித் திருப்பத்திலிருந்து சிரித்தார் செக்ரட்டரி. பொருளாளரும் சிரிக்கப்போனார். ஆனால் கொசு போய் நின்ற கதவைப் பார்த்ததும், பதவியேற்ற நாளிலிருந்து முதல் தடவையாக அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அது செக்ரட்டரி வீட்டுக் கதவு.

"ஐயோ, என் பொண்டாட்டி பயந்தே செத்துடுவாளே" என்று செக்ரட்டரி முனகினார். கொசு தலையைத் தூக்கி, சொதசொதவென்று நனைந்த மூக்கால் காலிங் பெல்லை ஓர் அழுத்து அழுத்தியது.

உள்ளே தாழ்ப்பாள் விலகியது, சங்கிலி விழுந்தது, கதவு அகலத் திறந்தது. வாசலை நாய் முழுசாக அடைத்துக்கொண்டு நின்றதால், பின்னால் படியில் நின்ற சங்கம் செக்ரட்டரியின் மனைவி கண்ணில் படவில்லை. கொசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்ட இரண்டு வளையல் கைகள் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

"சீக்கிரம் உள்ள வாடா தங்கம், அந்த மிருகம் பார்த்துடப் போகுது."